செபஸ்தியம்மாள் குடித்த தண்ணீர்

பூதலூர் செபஸ்தியம்மாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தண்ணீர் கேட்பாள். பல வருஷம் அதுதான் அவள் வழக்கம். கொண்டுவந்து நீட்டுகிற சொம்பை வாங்க மாட்டாள். கண்ணைச் சுழலவிட்டு, அந்த வீட்டில் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் தம்ளர் எங்கே என்று தேடுவாள். அது ஜன்னல் விளிம்பிலோ, கொல்லைத் துவைகல் மேலோ, மாட்டுக்கொட்டகைத் தூணிலோ இருக்கும். நோயாளியின் தம்ளர். அதை எடுத்து, அதிலேயே தண்ணீரை ஊற்றி, வாய் வைத்துக் குடிப்பாள். அண்ணாந்து குடிக்கிற நாசூக்கெல்லாம் கிடையாது. வீட்டார் திகைத்து நிற்கும்போதே, "இப்ப சொல்லுங்க, தம்பிக்கு எத்தனை வருஷமா மூச்சு முட்டுது?" என்று கேட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். படிப்பு எட்டாவது. குரல் மட்டும் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குச் சோறு, சனி ஞாயிறு ரயில். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஆளையே காணோமே?" என்று பங்குச்சாமியார் கேட்டதற்கு, "நான் போற வீட்டுலயும் ஆண்டவர்தான் சாமி மூச்சு முட்டிக் கிடக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாமியார் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்தா?

இந்த அலைச்சலெல்லாம் அவள் புருஷன் மிக்கேல்ராஜிடமிருந்து தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்தது. ஏஜெண்டுகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்தார்கள். மிக்கேல்ராஜும் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறைக்குப் போனான். துருப்பிடித்த கப்பலின் மேல் குழாயால் மணலைப் பீய்ச்சியடித்து, துருவை உதிர்க்கிற வேலை. பிளாஸ்டிங் என்பார்கள். ஊருக்கு எழுதும்போது மட்டும் பெயின்டிங் வேலை என்று எழுதுவார்கள். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, புகைமூட்டம் மாதிரி எழும்பும் தூசிக்குள் நின்று வருஷக்கணக்கில் அடித்தார்கள்.

பயமாக இல்லையா என்றால், டெல்டாக்காரனுக்கு மணலைக் கண்டு பயம் எங்கிருந்து வரும்? காவிரி மணலில் புரண்டு வளர்ந்தவன். கோடையில் அதே மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிந்த தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தவன். மணல் என்றால் அவனுக்குப் படுக்கை, வடிகட்டி, கபடி ஆடுகிற இடம். அது மாவாகப் பொடிந்து நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மிக்கேல்ராஜ் இருமிக்கொண்டே திரும்பி வந்தான். தெரு அவனுக்குக் காசநோய் என்று முடிவு கட்டியது. தட்டைத் தனியாக வை, பாயைத் தனியாகப் போடு என்று சொந்தபந்தம் வரிசையாக வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனது. செபஸ்தியம்மாள் வேண்டுமென்றே அவன் சாப்பிட்ட தட்டிலேயே சோறு போட்டுச் சாப்பிட்டாள். அதையும் வாசலில் உட்கார்ந்து, தெரு பார்க்கச் சாப்பிட்டாள். "ஒட்டினா ஒட்டட்டும். கட்டிக்கிட்டவ நானா, நீங்களா?" என்றாள். பிறகு தஞ்சாவூரில் வைத்தியலிங்கம் என்ற நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, இது காசநோய் இல்லை, கல்தூசு நோய், யாருக்கும் ஒட்டாது, ஆனால் தீராது என்று சொன்னார். தெரு மூக்குடைபட்டது. மிக்கேல்ராஜ் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்து, ஒரு விடியற்காலையில் அவள் தோளில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தான்.

துக்கம் கேட்க மீரா உசேன் வந்திருந்தார். அதே பட்டறையில் வேலை பார்த்தவர், தூசி கொஞ்சமாகப் பட்டவர். "நம்ம கூட இருந்தவங்க ஆளுக்கொரு மூலையில இருமிக்கிட்டுக் கிடக்கிறாங்க தங்கச்சி. எல்லார் வீட்டுலயும் டிபின்னு ஒதுக்கி வச்சிருக்காங்க" என்றார். யார் யார் எந்த ஊர் என்றும் சொன்னார். கருமாதித் திருப்பலி முடிந்த அடுத்த சனிக்கிழமையே செபஸ்தியம்மாள் ரயிலேறிவிட்டாள்.

போகிற வீட்டில் அவள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மடியில் தலையணை வைத்து, முன்னால் குனிந்து, முழங்கையை ஊன்றி உட்காரச் சொல்லிக் கொடுப்பாள். அப்படி உட்கார்ந்தால் மூச்சு கொஞ்சம் வசப்படும். வயிறு முட்டச் சோறு போடாதே, கஞ்சியாகப் பல தடவை கொடு என்பாள். அறுவடை மெஷின் வயலில் இறங்கி வைக்கோல் தூசி பறக்கிற நாட்களில் ஆளை வேறு ஊருக்கு அனுப்பச் சொல்லிச் சண்டை போடுவாள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே வருவாள். எல்லாவற்றுக்கும் முதலில், அந்தத் தம்ளரில் தண்ணீர் குடிப்பாள். நூறு வார்த்தை பேசினாலும் திறக்காத வீட்டுக் கதவு அதில் திறந்துவிடும். புருஷன் விஷயத்தில் ஊரே ஒரு பக்கம் நின்றபோது தான் சரியாகச் சொன்னவள் என்ற மிதப்பு அவளுக்கு உள்ளூர உண்டு. அதை இல்லையென்று சொன்னால் அவளே சிரிப்பாள்.

அந்த மிதப்பு குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தடுக்கி விழுந்தது.

அது இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம், மாசி மாதம். செந்தில்குமார் என்று ஒருவன். குத்தகை நிலத்தில் பாடுபடும் குடும்பம். பட்டறையில் ஒன்பது வருஷம் மணலடித்து, அந்தச் சம்பாத்தியத்தில் தங்கை பூர்ணிமாவைக் குத்தாலத்தில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்திருந்தான். தனக்கென்று கல்யாணம் பேச வாய்ப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சோதனை எதுவும் இல்லாமலே உள்ளூரில் அவனைக் காசநோய்க்காரன் ஆக்கிவிட்டார்கள். மாட்டை விற்றுக் காலியாகிவிட்ட கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கிடந்தான். அம்மா சாவித்திரி மூன்று வேளையும் சோறு கொண்டுபோய்த் தூணோரம் வைத்துவிட்டு, எட்ட நின்று அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். பூர்ணிமா வாரத்துக்கு ஒருமுறை கைக்குழந்தையோடு வந்து, வேலிக்கு வெளியே நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அவன் கொட்டகையிலிருந்து கையை ஆட்டுவான். மருமகளை அவன் அதுவரை தொட்டதே இல்லை.

செபஸ்தியம்மாள் போன அன்று பூர்ணிமாவும் வந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்குப் பங்குனியில் பதினோராம் மாதம். மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். ஆனால் மாமியார், செந்தில்குமார் மடி வேண்டாம், பெரியப்பா மகன் இளையபெருமாள் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம்.

"கூடப்பிறந்தவன் உசுரோட இருக்கிறப்ப இன்னொருத்தரை எப்படிங்க மாமன்னு உக்கார வைக்கிறது?" என்றாள் பூர்ணிமா. "அதுக்கு அண்ணன் செத்துட்டாருன்னே சொல்லிடலாமே."

செபஸ்தியம்மாளுக்கு இது போதும். தூணில் தொங்கிய தம்ளரை எடுத்துக் குடத்தில் முக்கிக் குடித்தாள். சாவித்திரி "ஐயோ, அது அவன் தம்ளரும்மா!" என்று பதறினாள். "தெரிஞ்சுதான் குடிக்கிறேன். கல்லுத் தூசி எங்கயாவது ஒட்டுமா அக்கா? எங்க வீட்டுக்காரர் தட்டுல நான் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு, பாருங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதோடு விட்டாளா? வேலிக்கு அந்தப் பக்கம் போய், பூர்ணிமாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தாள்.

"வேணாங்க அக்கா. அங்கேயே நில்லுங்க." செந்தில்குமார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தான். அந்த நகர்தலுக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. "சாயங்காலமானா காய்ச்சல் வருது. படுத்தா சட்டை நனையற அளவுக்கு வேர்க்குது. தூசிக்குக் காய்ச்சல் வருமா?"

"எல்லாம் வரும் தம்பி" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. கால் மட்டும் நின்றுவிட்டது. மிக்கேல்ராஜுக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் வாயை யார் கட்டுவது? "பங்குனியில உன் மடியிலதான். அதுக்கு நான் பொறுப்பு" என்று அவனிடம் சொன்னாள். போகிற வழியில் குத்தாலத்தில் இறங்கி, பூர்ணிமாவின் மாமியாரிடம், "இது ஒட்டுற நோயே இல்லைங்க" என்று நெஞ்சைத் தட்டி ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் ரயிலேறினாள்.

அடுத்த வாரம் செந்தில்குமாரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனாள். எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் முடிந்த பிறகு டாக்டர் வைத்தியலிங்கம் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டும் இருக்கும்மா. கல்தூசும் இருக்கு, அதுக்கு மேல காசநோயும் ஏறியிருக்கு. தூசி படிஞ்ச நுரையீரல்ல அந்தக் கிருமி சுலபமா குடியேறும். உங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஆகல, அவ்வளவுதான். சோதனை பண்ணாம ஒட்டாதுன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சொல்லியிருந்தார்தான். அவள் காதில் விழவில்லை. சரியாகச் சொன்னவள் காதில் அதெல்லாம் எங்கே விழும்?

காசநோய்க்கு மாத்திரை உண்டு, ஒருநாளும் விடாமல் சாப்பிட்டால் தீரும் என்றார் டாக்டர். இரண்டு மாதம் கழித்துச் சளியைப் பார்த்து, கிருமி இல்லையென்றால் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். தூசி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"பதினோராம் மாசத்தை விட்டா மூணாம் வயசுலதான் காது குத்துவாங்களாம் டாக்டர். அதுவரைக்கும்..." என்று இழுத்தாள்.

அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "அவ்வளவு தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அன்றைக்கு அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்தாள். தனக்காக இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு பரிமாற வேண்டும். தம்ளரில் வாய் வைத்துக் குடித்த கர்வத்தில் அந்தப் பிள்ளைகளை அவள் நினைத்துப் பார்க்கவேயில்லை. "தம்ளரால பரவுறது இல்ல, இருமினாத்தான். ஆனாலும் இத்தனை வீட்டுல பக்கத்துல உக்கார்ந்திருக்கீங்க, பார்த்துடலாம்" என்று அவளுக்கும் சோதனை எழுதினார் டாக்டர். முடிவு வரும்வரை லீவு போட்டாள். ஒன்றும் இல்லை என்று வந்தபோது மாதா கோயிலுக்குப் போய் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். நன்றிக்கு அழுதாளா, வெட்கத்துக்கு அழுதாளா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

அடுத்து சாவித்திரியின் முகத்தில் விழிக்க வேண்டும். "நீங்க எட்ட நின்னது தப்பில்லக்கா. நான்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். சாவித்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். நீங்க அன்னிக்குக் குடிச்சீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே? நான் ஒருவாரமாத் தூங்கலம்மா" என்றாள். திட்டியிருந்தால் செபஸ்தியம்மாள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

பிறகு பூர்ணிமாவின் மாமியார். அந்த அம்மாளுக்கும் நாக்கு நீளம். பெரிய இடம் வேறு. ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு ஒட்டாதுன்னீங்க. இன்னிக்கு ஒட்டும், ஆனா ரெண்டு மாசத்துல சரியாயிடும்ங்கிறீங்க. நாளைக்கு வந்து என்ன சொல்வீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி.

பூர்ணிமா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் குரல் உயர்த்தாத பெண். இப்போதும் உயர்த்தவில்லை. "அத்தை, பதிமூணாம் மாசமும் ஒத்தப்படைதானே, அதுல வச்சுக்கலாம். எங்கண்ணன் மடியில. இல்லன்னா என் பொண்ணு காதுல ஓட்டையே வேணாம். இந்தக் கழுத்துல கிடக்கிறது, பீரோல இருக்கிறது எல்லாம் அவர் மூச்சுதான்" என்றாள்.

ஊஞ்சல் நின்றது. அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார், செபஸ்தியம்மாளைப் பார்த்தார். "தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்றதுக்காக ரயிலேறி வந்திருக்கீங்க. அப்படி யாரும் எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. சரி, வைகாசியில வச்சுக்கலாம். ஆனா சரியாயிடுச்சுன்னு டாக்டர்தான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

"சத்தியமா நான் வாயே திறக்க மாட்டேங்க" என்றாள் செபஸ்தியம்மாள்.

அந்த இரண்டு மாதமும் செந்தில்குமார் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை. வயிற்றைப் பிரட்டியது, சிறுநீர் சிவப்பாகப் போனது, வெயில் வேறு கொளுத்தியது. விழுங்கினான். காய்ச்சல் நின்றது. சித்திரைக் கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று டாக்டரே பூர்ணிமாவின் மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்த அம்மாள் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாராம். டாக்டரும் பொறுமையாக மூன்று தடவை சொன்னாராம்.

வைகாசியில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கற்பூரப் புகையும் பொங்கல் அடுப்புப் புகையும் அண்டாத பக்கமாக, வேப்பமரத்தடியில் செந்தில்குமாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதற்காக வாசலில் நின்று சண்டை பிடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புது வேட்டி அவன் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. சாவித்திரி அதை இழுத்துக் கட்டிவிட்டு, மகனின் தலையைத் தடவினாள். எட்ட நின்றே பழகிய கை, எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தலையிலேயே நின்றது.

குழந்தையை மடியில் வைத்தார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் அவன் துண்டால் வாயை மூடிக்கொண்டான். பத்தர் கம்பியைக் குத்தியதும் குழந்தை கோயிலே அதிரக் கத்தியது. மாமன் சமாதானம் சொல்ல வேண்டும். அவனுக்கு ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லவும் மூச்சு இல்லை. முதுகில் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுது ஓய்ந்து, அவன் நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது.

எல்லோரும் பந்திக்கு எழுந்து போனார்கள். செபஸ்தியம்மாள் மட்டும் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அவனுக்கு இருமல் வருவதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். முதலில் தோள் இறுகும், பிறகு கழுத்து நரம்பு புடைக்கும், பிறகு கண்ணில் நீர் கோக்கும். மிக்கேல்ராஜிடம் ஆயிரம் தடவை பார்த்தது. அதை அடக்குவது என்றால் நெஞ்சுக்குள் தீயை வைத்து மூடுகிற மாதிரி என்று புருஷன் சொல்லியிருக்கிறான்.

அவள் குனிந்து குழந்தைக்குக் கையை நீட்டினாள். செந்தில்குமார் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு நடுங்க நடுங்க, அந்த இருமலை உள்ளுக்குள்ளேயே விழுங்கினான். குழந்தை அசையவில்லை. அவன் நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்க, அதோடு குழந்தையின் மொட்டைத் தலையும் ஏறி இறங்கியது.

அவனுக்குச் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. குனிந்து உட்கார், தலையணை வை, அடக்காதே, இருமி விடு. ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதுதான். எதையும் சொல்லவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து, அவனுக்கு வெயில் படாத பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். பந்தியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போகவில்லை.